பரிசோதனைக்குப் போகாத சதைத்துண்டு

இடது மேல் இமையில் அரிசி அளவில் ஒரு கட்டி. வலி இல்லை. சாதாரணக் கண்கட்டி என்று நாமக்கட்டியை இழைத்துப் போட்டேன். அப்போது குடிபாலாவிலிருந்து சித்தூர் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெல்ட்டில் ஓடும் பழங்களில் அழுகலைப் பொறுக்கும் வேலை.

இரண்டு மாதமாகியும் கரையவில்லை. சித்தூரில் ஒரு கண் டாக்டர் அதைக் கீறிச் சுரண்டினார். எடுத்த சதையை மருந்துத் தண்ணீர் ஊற்றிய சிறு டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தார்.

"திருப்பதி லேப்ல குடுத்துடும்மா. பயாப்ஸி (சதையைச் சோதித்துப் பார்ப்பது) பண்ணணும். மறக்காத."

மறக்கவில்லை. மாம்பழ சீசன் உச்சத்தில் இருந்தது, ஒரு நாள் நின்றால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார்கள். கட்டிதான் போய்விட்டதே என்ற நினைப்பு வேறு. டப்பா மூன்று மாதம் அலமாரியில் இருந்தது. பிறகு தூக்கிப் போட்டேன்.

அதே இடத்தில் கட்டி மறுபடியும் வந்தது. டாக்டர் ரிப்போர்ட் கேட்டார். திட்டுவாரோ என்று பயந்து, "குடுத்தேன் சார். ஒண்ணுமில்லன்னுட்டாங்க. பேப்பர் எங்கியோ பூட்ச்சி" என்றேன். அதை நம்பி அவர் களிம்பு எழுதினார். அந்தப் பொய்யில் எட்டு மாதம் போயிற்று.

கண் பிதுங்கி, அசையாமல் நின்ற பிறகுதான் என் கணவர் ஏழுமலை என்னைத் திருப்பதிக்கு அழைத்துப் போனார். இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் புற்றுநோய், கண்குழிக்குள் பரவிவிட்டது என்றார் அங்கிருந்த பெண் டாக்டர். எக்ஸென்டரேஷன் (கண்ணோடு இமைகள், தசைகள், சுற்றியுள்ள கொழுப்பு எல்லாவற்றையும் எடுத்துவிடும் அறுவை) தவிர வழியில்லை.

வராந்தாவில் ஏழுமலை கத்தினார். "அந்தச் சித்தூர் டாக்டர சும்மா வுடமாட்டேன். வெறும் கட்டின்னே சொல்லிக்கினு இருந்தாரே!"

"அவரு மேல தப்பில்ல. டப்பாவ நான் லேபுக்கு எடுத்துக்கினு போவல. போனேன்னு பொய் சொன்னேன்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "என்னாண்ட சொல்லியிருந்தா நான் குடுத்துட்டு வந்திருப்பேனே" என்றார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

அறுவைக்கு முந்தின நாள் டாக்டரிடம் கேட்டேன்: "நம்ம நாட்டுல வருசத்துக்கு எத்தினி பேருக்கு மேடம் இத பண்றாங்கோ?"

"எனக்குத் தெரிஞ்சு தேசம் மொத்தத்துக்கும் யாரும் எண்ணி வெக்கலம்மா. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் ரிஜிஸ்டர்ல எழுதிக்கும். இங்க எப்பவோ ஒண்ணுதான். முதல்லயே வந்திருந்தா நிறைய பேருக்கு இது தேவையே பட்டிருக்காது."

ஓர் எண்ணிக்கை கிடைத்தால் அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி என்று மனதைத் தேற்றிக்கொள்ள நினைத்திருந்தேன். கிடைத்தது அந்தக் கடைசி வாக்கியம்தான்.

தொடையிலிருந்து தோல் எடுத்துக் குழியில் ஒட்டினார்கள். கட்டுப் பிரித்த அன்று கண்ணாடியை நானேதான் கேட்டு வாங்கினேன். ஏழுமலை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

உங்கள் இமையிலும் ஒரே இடத்தில் கட்டி திரும்பத் திரும்ப வந்தால், சோதிக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். டாக்டரிடம் பயந்து எதையும் மறைக்காதீர்கள்.

இப்போது ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாமல் டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுகிறேன். அழுதால் ஒரு கன்னம்தான் நனைகிறது. இடது பக்கம் யார் உட்கார்ந்தாலும், நான் திரும்பும்வரை அங்கே ஆளில்லை. நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். நன்றாக இருந்தால் இன்னொரு மூன்று மாதம். நாயுடுபேட்டையில் இருக்கும் மகளுக்கு இன்னும் ஐந்து மாதத்தில் பிரசவம். எல்லோரும் அதைப் பற்றிச் சாதாரணமாகப் பேசுகிறார்கள். நான் இன்னும் அடுத்த ஸ்கேனையே தாண்டவில்லை.