துலுக்காணம் தோத்த பந்தயம்

செத்துப்போன சிநேகிதன்கிட்ட துலுக்காணத்துக்கு ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. அவன் பண்ண சத்தியம் நெசமா, பொய்யா? வெளியில சொன்னா சிரிப்பாங்க. ஆனா அந்தக் கேள்வி அவனைத் தூங்க விடல, துன்ன விடல, காரை மூணாவது கியருக்கு மேல போட விடல.

துலுக்காணம் நகரிக்காரன். அவங்க நைனா பவர்லூம் ஓட்டினவரு. தறிச் சத்தம் பிடிக்காம இவன் சித்தூருக்கு வந்து, கார் சீட் கவர் தைக்கக் கத்துக்கினு, காணிப்பாக்கம் ரோட்டுல சொந்தமா ஒரு கடை போட்டான். சின்ன காருக்கெல்லாம் டர்போ வச்சு கம்பெனிக்காரங்க இறக்குன காலம் அது. டர்போன்னா பெரிய மந்திரம் ஒண்ணும் இல்ல. இஞ்சின் விடற புகையிலயே ஒரு விசிறி சுத்தும், அது இஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தித் திணிக்கும், வண்டி பிச்சிக்கினு போகும். சுத்தறப்ப மெல்லிசா ஒரு விசில் வரும். அந்த விசிலுக்குத்தான் நம்ம ஆளு மயங்கிட்டான். சிவப்பு கலர்ல ஒண்ணு வாங்கி, சைலன்சரை மாத்தி, சக்கரத்தை மாத்தி, பொஞ்சாதி கலைவாணிக்கு ஒரு நல்ல புடவை எடுத்துத் தராம அதுக்கே செலவழிச்சான்.

அந்தச் சிநேகிதன் பவன்குமார் புத்தலப்பட்டுக்காரன். அவங்க குடும்பத்துக்குத் தாத்தா காலத்துல ஒரு அடி நிலம் கிடையாது, அடுத்தவன் கழனியிலதான் வேலை. இவன் குவைத்துக்குப் போயி ஒரு ஷேக் வீட்டுல டிரைவரா இருந்தான். திரும்பி வந்து வாடகை வண்டி ஓட்டினான், சொந்தமா வெள்ளைக்கலர்ல அதே டர்போ கார் ஒண்ணு வாங்கினான். சீட் கவர் தைக்கக் கடைக்கு வந்தவன், வாசல்ல நின்ன சிவப்புக் காரை ஒரு சுத்து சுத்திப் பாத்தான்.

"இன்னா பாவா, இது நகருமா? இல்ல சாமி ஊர்வலத்துக்கு வச்சிக்கினு கீறியா?"

"ஞாயித்துக்கிழம வாடா, காட்டறேன்."

அவ்ளோதான், மச்சானைக் கூப்பிடற அந்த 'பாவா'விலயே ரெண்டு பேரும் ஒட்டிக்கினாங்க. ஞாயித்துக்கிழமையானா பொழுது விடியறப்ப புத்தலப்பட்டு கூட்டு ரோட்டுல கிளம்புவாங்க. சந்திரகிரி கோட்டை மலை கண்ணுக்குத் தெரியற திருப்பத்துல யாரு முதல்ல நிக்கறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. தோத்தவன் டிபன் வாங்கித் தரணும். துன்னு முடிக்கிற வரைக்கும் ஜெயிச்சவன் பேசுவான், தோத்தவன் தலையாட்டணும். ஒரு வாரம் இவன், ஒரு வாரம் அவன்.

ஒரே ஒரு கட்டுப்பாடு வச்சிருந்தாங்க. என்ன வேணா மாத்திக்கலாம், 'பாக்ஸ்' மட்டும் போடக் கூடாது. சிகரெட் பாக்கெட் அளவு இருக்கும் அது. இஞ்சினுக்குப் போற ஒயர்ல சொருகிட்டா, 'டீசல் பத்தல, இன்னும் ஊத்து'ன்னு இஞ்சின்கிட்ட பொய் சொல்லிக்கினே இருக்கும். வண்டி பேய் மாதிரி பறக்கும், ஒரு நாள் இஞ்சின் வெடிச்சும் போகும். அது ஆம்பளைத்தனம் இல்லன்னு ரெண்டு பேருமே சொல்லிக்குவாங்க.

போன ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பவன் ஜெயிச்சான். சும்மா இல்ல, துலுக்காணம் திருப்பத்துக்கு வந்து சேர்றப்ப அவன் பானட் மேல உக்காந்து கால் ஆட்டிக்கினு இருந்தான். துலுக்காணத்துக்கு வயிறு எரிஞ்சிது.

"பாக்ஸ் போட்டுக்கினியா?"

"சீ, போ பாவா."

"அப்ப காணிப்பாக்கத்துல பிரமாணம் பண்ணு."

அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இது விளையாட்டு வார்த்தை இல்ல. காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில் குளத்துல முழுகி, ஈரத்துணியோட சாமி முன்னாடி நின்னு பொய் சொன்னா, சொன்னவன் குடும்பத்தை அது விடாதுன்னு நம்பிக்கை. நிலத் தகராறு, நகை காணாமப் போனது, எல்லாத்துக்கும் அங்கதான் தீர்ப்பு. கார் பந்தயத்துக்கு எவனாவது அங்க போவானா? இந்த ரெண்டு பைத்தியங்களும் போச்சுங்க. பவன் ஜீன்ஸ் பேண்ட்டோட குளத்துல முழுகி, சொட்டச் சொட்ட நின்னு, "பாக்ஸ் இல்ல, நான்தான் ஜெயிச்சேன்"னு சத்தம் போட்டுச் சொன்னான். சொல்லிட்டு சிரிச்சான். துலுக்காணமும் சிரிச்சிட்டு டிபன் வாங்கித் தந்தான்.

பிரமாணம் பண்ணி ஒரு மண்டலம் கூட முடியல. மெட்ராஸ் ஏர்போர்ட்லேர்ந்து சூளூர்பேட்டைக்கு வாடகை வண்டியில ஒரு பார்ட்டியை ஏத்திக்கினு போன பவன், தடாவுல டீ குடிக்க நிறுத்தினான். ஓரமா கிளாஸைப் பிடிச்சிக்கினு நின்னவன் மேல லாரி ஏறிப்போச்சு. அவ்ளோ வேகமா ஓட்டினவன் வேகத்துல சாவல. நின்ன இடத்துல செத்தான், பாவி.

அதுக்கப்புறம்தான் துலுக்காணத்துக்கு அந்த விசில் கேக்க ஆரமிச்சிது. கடைக்குப் போறப்ப பின்னாடி, இடது பக்கமா, பவன் வண்டியோட விசில். கண்ணாடியில பாத்தா ரோடு காலியா கெடக்கும். வண்டியை நிறுத்தினா சத்தமும் நின்னுடும். நெடுக வேப்பமரமும் வெயிலும்தான். 'நான்தானே அவனை அங்க இட்டுக்கினு போனேன்'னு நெஞ்சு அடிச்சிக்கும். அவன் சொன்னது நெசம்னா இது விதி. பொய்யின்னா? ஒரு டிபனுக்காக சிநேகிதனைக் கொன்னவன் நான்தான்னு ஆயிடும்.

"ஆறு மாசப் புள்ளத்தாச்சியை வீட்டுல வச்சிக்கினு இப்படி பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்தா எனக்கு பயமா கீதுய்யா"ன்னு கலைவாணி அழுதா.

பவனோட பொஞ்சாதி கல்பனா ஒரு நாள் கடைக்கு வந்தா. பாதியா இளைச்சிருந்தா. இடுப்புல அவ பொண்ணு பிரீத்தி, கண்ணு சொருகி, கொதிக்கிற ஒடம்போட.

"அண்ணா, பாப்பாவுக்கு ஜுரம் வுட்டு வுட்டு வருது. ஆஸ்பத்திரி மருந்துக்கு நிக்க மாட்டேங்குது. அவரு பொய்ப் பிரமாணம் பண்ணிட்டாரு, அது இவளையும் எடுத்துக்கும்னு அத்தை தினம் சொல்லுது. என்னால முடியலண்ணா. வண்டி வீட்டாண்டதான் நிக்குது. அது உள்ள இன்னா கீதுன்னு நீயே பாத்து சொல்லிடு."

துலுக்காணம் அப்பவே புறப்பட்டான். வழியெல்லாம் வேண்டிக்கினான். பாக்ஸ் இருக்கக் கூடாது சாமி. அவன் நேர்மையா ஜெயிச்சிருக்கணும், நான் நல்லாத் தோத்திருக்கணும். பந்தயம் ஆரமிச்ச நாள்லேர்ந்து தான் தோக்கணும்னு அவன் வேண்டிக்கினது அன்னிக்குத்தான்.

வெள்ளைக் கார் புழுதி படிஞ்சி நின்னுது. பானட்டைத் தூக்கினான். பவனோட அம்மா ஜெயம்மா வாசப்படியில உக்காந்து கண்ணெடுக்காம பாத்துக்கினு இருந்துச்சி. பேட்டரிக்குப் பின்னாடி கையை விட்டான். கறுப்பு டேப் சுத்தி, ஒயருக்கு ஒயர் கச்சிதமா சொருகி, அது இருந்துச்சி.

அடப்பாவி. எதுக்குடா? ஒரு தோசைக்கா?

கோவம் வரும்னு நெனச்சான், வரல. அழுகைதான் வந்துது. தூக்கின பானட் மறைவுல குனிஞ்சாப்பலயே அதைப் பிடுங்கி பேண்ட் பாக்கெட்டுல போட்டுக்கினு, ஒயரை மறுபடி சேத்து, பானட்டைச் சாத்தினான். கல்பனா அவன் வாயையே பாத்துக்கினு நின்னா.

"ஒண்ணும் இல்லம்மா. கம்பெனியிலேர்ந்து வந்த மாதிரியே கீது. அவன் சொன்னது நெசம்."

கல்பனா அப்படியே தரையில உக்காந்துட்டா. ஆனா ஜெயம்மா அசையல.

"வாயால சொன்னா ஆச்சா? நீ அவன் சிநேகிதன், அப்படித்தான் சொல்லுவ. அவன் பண்ண எடத்துலயே நீயும் பண்ணு. அப்ப நம்பறேன்."

துலுக்காணத்துக்குக் கலைவாணி வயிறு கண்ணு முன்னாடி வந்துது. மாட்டேன்னு சொல்லலாம், யாரும் கழுத்தைப் பிடிக்கல. ஆனா சொன்னா அந்தக் கிழவிக்கு அது போதும். கல்பனா மிச்ச நாளெல்லாம் அந்தக் கொழந்தையைச் சாகப் போறவளாவே பாத்துக்கினு இருப்பா.

"வா அத்தே, போலாம்"னான்.

குளத்துத் தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சி. முழுகினப்ப பாக்கெட்டுல இருந்த பெட்டி தொடையில இடிச்சிது. சொட்டச் சொட்ட சாமி முன்னாடி வந்து நின்னான்.

"பவன் வண்டியில பாக்ஸ் இல்ல. அவன் பண்ண பிரமாணம் நெசம். நான்தான் தோத்தேன்."

கடைசி வார்த்தை மட்டும் கொஞ்சம் சத்தமா வந்துது. ஜெயம்மா மருமகளைக் கட்டிக்கினு ஓன்னு அழுதுச்சி. கொழந்தை நெத்தியில குங்குமம் வச்சிது. வெளியில வந்ததும் கல்பனா, புருசன் செத்தப்புறம் முதல் தடவையா, லேசா சிரிச்சா.

"அப்ப அவருதானே ஜெயிச்சாரு, அண்ணா?"

"அவன்தாம்மா. அவனை எவனும் ஜெயிக்க முடியாது."

அவங்களைப் புத்தலப்பட்டுல இறக்கிட்டு, துலுக்காணம் ஈரத்துணியோட சித்தூர் பக்கம் காரைத் திருப்பினான். வீட்டுல கலைவாணி சோறாக்கி வச்சிக்கினு காத்துக்கினு இருப்பா. ஸ்டீயரிங்கை ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சிக்கினு, ரோட்டோட ஓரத்துலயே, லாரிக்கு, பஸ்ஸுக்கு, ஆட்டோவுக்கு, வைக்கோல் ஏத்திக்கினு வந்த டிராக்டருக்குன்னு எல்லாத்துக்கும் வழி விட்டுக்கினே வீடு போய்ச் சேந்தான்.