கேலிக்கு முன் ஒரு போன்

தேனியில் நான் வேலை பார்த்த நாளிதழ் அலுவலகத்தில் ஒரு மூத்த நிருபர் இருந்தார். காதோரத்தை விட்டுவிட்டு டை அடித்த தலை, சிரிக்காத முகம். அருவி வெள்ளத்தில் இறங்கி செல்பி எடுத்தவரை ‘அருவியை அடக்கிய அஞ்சாநெஞ்சர்’ என்றும், தடையை மீறிக் காட்டுக்குள் போனவரை ‘யானைகளின் சிறப்பு விருந்தினர்’ என்றும் எழுதுவார். படிப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஆனால் ஆள் உயிரோடு இருப்பது உறுதியாகும்வரை ‘இளைஞர்’ என்று மட்டுமே எழுதுவார்.

ஒரு மழைநாள் பிற்பகல், சின்னமனூரிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். மழைக்காகத் தடை போட்டு மூடியிருந்த மேகமலைச் சாலையில் பைக்கில் போன மகனை முந்தின நாளிலிருந்து காணவில்லை. நிருபரின் கம்ப்யூட்டரில் ‘இளைஞர் மாயம்’ என்ற தலைப்பைப் பார்த்ததும் அழுதுவிட்டார்.

நிருபர் மறுபடியும் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். கேட்டு முடித்ததும் தலைப்பை அழித்துவிட்டு, ‘மேகம் மேய்க்கப் போன மாவீரர் மீட்பு’ என்று தட்டினார்.

“ஆத்தா, மகன் கெடச்சுட்டான். பள்ளத்துல கெடந்தவனத் தூக்கிட்டு வந்துட்டாக. கால் மட்டும் ஒடஞ்சிருக்கு.”

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுத் தலைப்பை வாய்விட்டுப் படித்தார்.

“இது பத்தாதுய்யா. இன்னும் நாலு வார்த்த சேத்துப் போடுங்க. நாஞ் சொன்னா அந்தப் பய எங்க கேக்குறான்?”

சேர்த்தார்.

வேறு சில நாட்களில், போன் பேசி முடித்த பிறகும் ‘இளைஞர்’ அப்படியே இருக்கும். அன்றைக்கெல்லாம் பிழை பார்க்கும் வேலையை என்னிடம் தள்ளிவிட்டு அவர் கிளம்பிவிடுவார். அது வருத்தமா, வெறும் களைப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.