இடப்பக்கம் திரும்பாத கார்

வேலையால் வந்ததும் குகதாசன் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் காருக்குள் ஏறுவார். ஏறுவார் என்பது கொஞ்சம் பெரிய சொல். கார் கராஜின் நடுவில் இரும்புத் தாங்கிகளின் மேல் நின்றது. சில்லுகள் சுவரோடு சாய்ந்திருந்தன. கதவுகள் மேல்மாடியில், விருந்தினர் அறைக் கட்டிலில் படுத்திருந்தன. ஆனாலும் மனிதர் வலப்பக்க இருக்கையில் இறங்கி அமர்ந்து, ஸ்ரியரிங்கைப் பிடித்து, இடக்கையால் கியரை மாற்றி, உதட்டால் என்ஜின் சத்தம் போட்டபடி ஓர் ஓட்டம் ஓடுவார். கொஞ்ச நேரத்தில் சமையலறைக் கதவு திறக்கும்.

“எங்க மட்டும் போட்டியள்?” என்று கேட்பார் மனைவி கோணேஸ்வரி.

“பெல்வில் தாண்டீட்டன். இனிக் கிங்ஸ்டன்தான்.”

“திரும்பி வரேக்கை பால் வாங்கிக்கொண்டு வாங்கோ.”

கனடாவின் அஜக்ஸ் நகரில் அந்தத் தெருவின் மற்றக் கராஜ்களில் பனி அள்ளும் சவளும் பழைய மெத்தையும்தான் இருக்கும். குகதாசனுடையதில் இருந்தது இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாக வந்திறங்கிய கார். கிட் கார் என்பார்கள். அடிச்சட்டத்தையும் உடம்பையும் கொம்பனி அனுப்பும். என்ஜின், கியர்ப்பெட்டி, வயர்களை எல்லாம் அடிபட்ட பழைய கார் ஒன்றிலிருந்து நாமே கழற்றிப் பூட்ட வேண்டும். அந்த அடிபட்ட கார் ரெக்ஸ்டேலில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. அதற்கு டோனர் கார் என்று பெயர் என்றதும் கோணேஸ்வரி, “கிட்னி குடுக்கிறமாதிரியோ?” என்று கேட்டார். குகதாசன் ஓம் என்றார். அதைவிடச் சரியான விளக்கம் அவருக்கும் தெரியாது.

குகதாசனின் தொழில் பல்லுச் செய்வது. ஸ்காபரோவில் ஒரு லாப்பில், பல் வைத்தியர்கள் அனுப்பும் அச்சுகளுக்குப் பொருத்தமாகக் கட்டுப்பல் செய்து கொடுக்கிறார். யாராவது சிரித்தால் அவர் கண் சிரிப்பைப் பார்க்காது, கடைவாய் எப்படிப் பொருந்துகிறது என்றுதான் பார்க்கும். காரையும் அப்படித்தான் பார்த்தார். பொனற்றுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இடைவெளி ஒழுங்கில்லை என்றால் “கடி பிழை” என்பார். ஒரு துண்டு பொருந்தாவிட்டால் சட்டைப் பையிலிருந்து ரோஸ் நிற மெழுகை எடுத்து, உள்ளங்கையில் உருட்டி இளக்கி, அந்த இடுக்கில் அமத்தி அச்செடுப்பார். அந்த மெழுகு சட்டையோடு வோஷிங் மெஷினுக்குள் போன கதையைக் கோணேஸ்வரியிடம் கேட்காமல் விடுவது நல்லது.

இத்தனைக்கும் இந்தக் கார் கோணேஸ்வரிக்காகத்தான். கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு பங்குனி மாதக் குளிரில் இருவரும் பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். நிலத்தோடு ஒட்டினாற்போலச் சிவப்பு நிறச் சின்னக் கார் ஒன்று அவர்களைக் கடந்து போனது. “ஒருநாளைக்கு உப்பிடி ஒண்டில போகோணும்” என்றார் கோணேஸ்வரி. குகதாசன் அதை மனதில் போட்டுப் பூட்டிவிட்டார். மகள் லக்சிகா படித்து வேலைக்குப் போகும்வரை திறக்கவே இல்லை. கடைசியில் பெட்டிகள் வந்திறங்கிய அன்று, பஸ் தரிப்பில் நின்ற அந்த நாளை மனைவிக்கு நினைவுபடுத்தினார்.

கோணேஸ்வரி யோசித்தார். “நான் சொன்னது அதுக்குப் பின்னால வந்த டாக்சியை. அதுக்குள்ள ஹீற்றர் இருந்திருக்கும்.”

குகதாசன் சிரித்துக்கொண்டே முதல் பெட்டியைப் பிரித்தார். அடுத்த அடி அதற்குள் இருந்தது. ஸ்ரியரிங் பூட்டும் இடம் அடிச்சட்டத்தின் வலப்பக்கத்தில் இருந்தது, கனடாக் கார்களைப்போல இடப்பக்கத்தில் அல்ல. கொம்பனிக்குப் போன் எடுத்தால், நீங்கள் கேட்டதைத்தான் அனுப்பினோம் என்றார்கள். யோசித்துப் பார்த்தபோது விஷயம் வெளித்தது. ஓடர் எடுத்த பெண், “ரைட் ஹாண்டா, லெஃப்ற் ஹாண்டா?” என்று கேட்டிருந்தார். எந்தக் கையால் கியர் போடுவீர்கள் என்று கேட்கிறார் என இவர் விளங்கிக்கொண்டார். நல்ல காரியம் தொடங்கும் நேரத்தில் எவராவது இடக்கை என்று சொல்வார்களா? ரைட் ஹாண்ட் என்றார். அந்தப் பெண் சந்தேகப்பட்டு இன்னொரு தடவை கேட்டபோது, இன்னும் அழுத்திச் சொன்னார். அதன் பலனாகக் கியர் இடக்கைக்கு வந்து சேர்ந்தது.

“அப்பா, யூ ஓர்டர்ட் த ரோங் கார்” என்றாள் லக்சிகா. “இதை றிட்டேர்ன் பண்ணேலாதா?”

“கப்பல்ல வந்ததைத் திருப்பிக் கப்பல்ல ஏத்துறதே? வலப்பக்கம் இருந்து ஓட இஞ்சத்தைச் சட்டம் விடுகுது பிள்ளை. ஊரில எல்லாரும் உந்தப் பக்கம் இருந்துதானே ஓடுறவை.”

கோணேஸ்வரிக்குத்தான் அது பெரிய சிக்கல். அவர் கார் ஓடப் பழக்குகிறவர். அஜக்ஸிலும் பிக்கரிங்கிலும் அவரிடம் பழகி லைசன்ஸ் எடுத்த தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். இந்தக் காலத்தில் யாரும் கேட்காத கைச் சிக்னலையும் விடாமல் பழக்குவார். “பல்ப்பை நம்பாதேங்கோ பிள்ளையள். கை எப்பவும் வேலை செய்யும்” என்பார். நாள் முழுக்க வலப்பக்க இருக்கையில், காலடியில் தனக்கென்று ஒரு பிறேக்கோடு இருந்தே பழகியவர்.

“அது என்ர பக்கம். அதில ஸ்ரியரிங்கைப் பூட்டிப்போட்டு என்னை எங்க இருத்தப் போறியள்?”

“இடப்பக்கம்.”

“அங்க பிறேக் இருக்கோ?”

“இல்லை.”

“பிறேக் இல்லாத சீற்றில நான் இருக்கிறதில்லை.”

சொன்னால் சொன்னதுதான். குகதாசனுக்கு மனம் நொந்தது. அந்தக் காரில் இருந்ததே இரண்டு இருக்கைகள். இரண்டாவது இருக்கை யாருக்கு என்பதில் அவருக்கு ஒரு நாளும் குழப்பம் இருந்ததில்லை. அது சும்மா கிடக்கும் என்றால் கார் ஓடினாலும் ஒன்றுதான், ஓடாவிட்டாலும் ஒன்றுதான்.

சனிக்கிழமை காலைகளில் பிக்கரிங்கில் ஒரு கோப்பிக் கடையில் கிட் கார்க்காரர்கள் கூடுவார்கள். காரில் வருவார்கள்தான், கட்டிய காரில் அல்ல. ஒருவருடைய கார் கூரைக்குக் காத்திருக்கும், இன்னொருவருடையது ரேடியேற்றருக்கு. ஆசைகள் எல்லாம் அடக்கமானவை: பெட்டியில் இருக்கும் ஆணி விளக்கப் புத்தகத்தில் உள்ள ஆணியாக இருக்க வேண்டும், கதவு சாத்தினால் சாத்துப்பட வேண்டும். புத்தகத்தில் ‘வழக்கம்போலப் பொருத்தவும்’ என்று வரும் வரியைக் கண்டால் எல்லாருக்கும் கோபம் வரும். வாழ்க்கையில் முதல் தடவை செய்கிறவனுக்கு எது வழக்கம்? அவர்களில் மூத்தவர் மாக்கஸ், ஓய்வுபெற்ற தச்சர். எப்போது கேட்டாலும் தன் கார் அடுத்த கோடைக்குள் ஓடும் என்பார். எந்தக் கோடை என்று கேட்பது அங்கே மரியாதை இல்லை. கோணேஸ்வரி அந்தக் கூட்டத்துக்கு ‘அடுத்த கோடைச் சங்கம்’ என்று பெயர் வைத்திருந்தார்.

குகதாசனின் கார் அந்தச் சங்கத்திலேயே வில்லங்கமானது. அடிச்சட்டம் இங்கிலாந்து, உறுப்புகள் கனடா. ஒன்று வலக்கைப் பழக்கம், மற்றது இடக்கைப் பழக்கம். வயரிங்கைப் பிரித்துப் போட்டால் இடியப்பத் தட்டைக் கவிழ்த்தது மாதிரி இருந்தது. இடப்பக்கச் சிக்னல் விளக்கு மட்டும் மனம் வந்தால் எரியும், வராவிட்டால் எரியாது. எங்கே பிழை என்று தேடித் தேடிக் களைத்து, “உதுக்கு மூட் சரியில்லை” என்று விட்டுவிட்டார்.

ஒருவழியாகச் சில்லுகள் பூட்டிக் காரை நிலத்தில் இறக்கி, ட்றக்கில் ஏற்றி, வீதியில் ஓடத் தகுதியா என்று சேஃப்ரி பார்க்கக் கொண்டுபோனார். பரிசோதகர் குனிந்து நிமிர்ந்து எல்லாம் பார்த்துவிட்டுத் தண்ணீரை அடித்து வைப்பரைப் போட்டார். அது ஸ்ரியரிங் இடப்பக்கம் உள்ள கனடாக் காரின் வைப்பர். இடப்பக்கக் கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்துவிட்டு, ஓட்டுநரின் முன்னால் ஒரு மூலையை ஈரமாகவே விட்டது. மழை பெய்தால் உங்கள் மனைவிக்குத்தான் நன்றாகப் பாதை தெரியும் என்று சொல்லிப் பரிசோதகர் சிரித்தார். குகதாசனும் சேர்ந்து சிரித்தார். பாஸ் ஆகாத காரைத் திரும்பவும் ட்றக்கில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

அன்று அவர் காருக்குள் ஏறவில்லை. கோணேஸ்வரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, எங்க மட்டும் என்று கேட்காமல் சாத்திக்கொண்டு போனார். ஆனால் மறுநாள் குகதாசனின் சட்டைப் பைக்குள் மெழுகு திரும்பி வந்துவிட்டது. வைப்பரின் உள்ளே இருக்கும் இணைப்புத் துண்டுக்கு அச்செடுத்து, அதை மறுபக்கத்துக்கு மாற்றி, லாப் முதலாளியிடம் கேட்டுக் கட்டுப்பல்லுக்கு வார்க்கும் உலோகத்திலேயே வார்த்தார். மினுக்கியும் எடுத்தார், யாரும் பார்க்காத துண்டுதான் என்றாலும். இரண்டாம் தடவை பரிசோதகர் குறை பிடிக்கவில்லை. இடப்பக்கச் சிக்னலுக்கும் அன்று நல்ல மூட்.

நம்பர் பிளேற் பூட்டிய அன்று வைகாசி வெயில். “ஒரு சுத்துப் போட்டு வருவம், ஏறுமன்” என்று மனைவியைக் கேட்டார். கோணேஸ்வரி மாட்டேன் என்று தலையை ஆட்டினார். குகதாசன் தனியாகத்தான் போனார். கூரை இல்லாத காரில் காற்று முகத்தில் அடித்தது, என்ஜின் தன் சொந்தச் சத்தத்தைப் போட்டது, அந்தச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. வெஸ்ற்னி வீதியால் இறங்கிக் கிங்ஸ்டன் வீதிச் சந்திக்கு வந்ததும்தான் சிக்கல் தெரிந்தது. எதிரே திரும்பக் காத்து நின்ற வான் ஒன்று மறைத்தது. அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று வலப்பக்க இருக்கையிலிருந்து தெரியவில்லை. இடப்பக்கம் திரும்பினால் கிழக்கே, கிங்ஸ்டன் நகரை நோக்கிப் போகலாம். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். வலப்பக்கம் திரும்பினார். அடுத்த சந்தியிலும் வலப்பக்கம், அதற்கடுத்ததிலும் அப்படியே. வீடு வந்துவிட்டது.

“எங்க மட்டும் போட்டியள்?” கோணேஸ்வரி இந்தத் தடவை பகிடிக்குக் கேட்கவில்லை.

“வீட்டைச் சுத்தி வந்தனான். இடப்பக்கம் திரும்பேலாமல் கிடக்கு. அங்கால கண் தெரியேல்லை.” சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குகதாசன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கோணேஸ்வரி மாரிக் கோட்டைப் போட்டு, தலையில் ஸ்காஃப் கட்டி வந்து, இடப்பக்கக் கதவைத் திறந்து அமர்ந்தார்.

“ஆசைக்கு வரேல்லை” என்றார். “இடதுக்குத் திரும்பப் பயப்பிடுற ஸ்ருடன்ரை நான் வீட்டில விட்டிட்டு இருக்கிறேல்லை.” பிறகு முன்னால் எட்டிப் பார்த்தார். கட்டையான ஆள், எந்தக் காரிலும் ஒரு குஷன் போடாமல் பொனற் தெரியாது. இதில் தெரிந்தது. “சீற் உயரம் சரியா இருக்கு.”

“உம்மட காரில அளந்தனான். குஷனோட சேத்து.”

கோணேஸ்வரி சீற்பெல்ற்றைப் போட்டார். தெரு முனை தாண்டியதும், “ஹீற்றர் எங்க?” என்று கேட்டார்.

“என்ஜின்ர சூடு காலுக்கு வரும்.”

கொஞ்ச நேரம் கழித்து, “வருது” என்றார்.

கிங்ஸ்டன் வீதிச் சந்தி வந்தது. குகதாசன் இடப்பக்கச் சிக்னலைத் தட்டினார். டிக் டிக் சத்தம் வரவில்லை. இன்னொரு தரம் தட்டினார். விளக்குக்கு மூட் இல்லை. பின்னால் ஒரு லொறி வந்து நின்றது. வலப்பக்கம் திரும்பிவிடுவோமா என்று நினைத்தபடி மனைவியைப் பார்த்தார்.

கோணேஸ்வரி அவரைப் பார்க்கவில்லை. வலது கால், இல்லாத பிறேக்கை நிலத்தில் அமத்திக்கொண்டிருந்தது. கண் எதிரே வரும் வாகனங்களில் இருந்தது. “பொறுங்கோ… பொறுங்கோ… இப்ப வாங்கோ” என்றார். சொல்லும்போதே இடக்கையைக் கதவுக்கு மேலால் வெளியே எடுத்து, மாணவிகளுக்குக் காட்டுவதுபோல முழங்கை மடியாமல் நேராக நீட்டினார். காப்புகள் மணிக்கட்டில் சரிந்து வெயிலில் மின்னின. கார் கிழக்கே திரும்பி நேரான பிறகும் அவர் அந்தக் கையை உள்ளே எடுக்கவில்லை.