பாட்டிலில் எழுதியிருந்த ‘ஆசிட்’

போன வருடம் தை மாதம் தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. எங்களுக்குச் சொந்த ஊர் கூத்தாநல்லூர். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்த என் கணவருக்குக் குடலில் ஓட்டை விழுந்து, அவசரமாக ஆபரேஷன் செய்திருந்தார்கள். வாய் வழியாகச் சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கழுத்து நரம்பு வழியாக ஏதோ பாட்டில் ஏறிக்கொண்டே இருந்தது.

ஐ.சி.யூ.வில் சாயங்காலம் பத்து நிமிஷம்தான் விடுவார்கள். ஒவ்வொரு நாளும் அவர் கன்னம் இன்னும் ஒட்டிப்போயிருக்கும். ஆறாம் நாள் அந்தப் பாட்டிலை உற்றுப் பார்த்து, எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘அமினோ ஆசிட்.’ எனக்குத் தெரிந்த ஆசிட், கக்கூஸ் கழுவுவதுதான். வயிற்றுக்கு ஒன்றும் கொடுக்காமல் ஆசிட்டை ஏற்றினால் மனுஷன் எப்படிப் பிழைப்பார்?

யாரிடமாவது கேட்டிருக்கலாம். கோபித்துக்கொள்வார்களோ என்று பயம். மறுநாள், தங்கியிருந்த உறவினர் வீட்டில் நீர்க்கக் கஞ்சி காய்ச்சி, சின்ன பிளாஸ்க்கில் ஊற்றி, புர்காவுக்குள் மறைத்துக்கொண்டு போனேன்.

நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனதும், “வாயைத் திறங்க மச்சான்” என்றேன். அரை மயக்கத்திலேயே திறந்தார். இரண்டாவது ஸ்பூனில் புரையேறியது. முகம் நீலம் பாரித்து, கண் செருகியது. பக்கத்து மெஷின் அலறியது.

நர்ஸ் ஓடி வந்து அவரை ஒருக்களித்துப் புரட்டி, குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தார். “எத்தனை ஸ்பூன் கொடுத்தீங்க? மறைக்காம சொல்லுங்க!”

“ரெண்டு” என்றேன்.

என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். நானே கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அல்லாஹ்விடம் கேட்கத் தெரிந்த துஆகூட நாக்கில் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் வந்தார். “மூச்சு சீராயிடுச்சு. ஆனா கஞ்சி உள்ள போயி நெஞ்சுல சளி கட்டுதான்னு பாக்கணும். ஏங்கக்கா இப்படிப் பண்ணீங்க?”

“நீங்க ஆசிட் ஏத்துறீங்களே...” என்று அழுதேன்.

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். “பருப்பு, முட்டை, மீனு எது சாப்பிட்டாலும் அதுல இருக்குற சத்து குடல்ல கரைஞ்சு, கடைசியில அமினோ ஆசிட்டாத்தான் ரத்தத்துல சேருது. அவரு குடலுக்கு இப்ப ஓய்வு வேணும். அதனால நேரா ரத்தத்துலயே கொடுக்குறோம். அவரு பட்டினி கிடக்கலக்கா. இதுதான் அவரு சாப்பாடு.”

மறுநாளே அவருக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் அது இறங்கும்வரை நான் உயிரோடு இருந்தேன் என்று சொல்ல முடியாது. மூன்றாவது வாரம்தான் வாய் வழியாகத் தண்ணீர் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபின் அவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். “பசிக்குதுன்னு நான்தானே கேட்டிருப்பேன், விடு” என்றார். அவர் கேட்கவே இல்லை.

அன்றிலிருந்து, எனக்குப் புரியாத எதையும் டாக்டரிடம் கேட்காமல் நான் திரும்பி வந்ததில்லை. கேட்க நாக்குக் கூசும் நொடியிலெல்லாம் நீலம் பாரித்த அந்த முகம் கண்முன் வந்து நிற்கிறது.