மூன்றாவது காப்பி

பிள்ளைகளா, செம்பூர் மாமா ஏன் நம் வீட்டுப் படி ஏறுவதில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். மாமாவுக்கு வேலை அதிகம் என்று அம்மா சொல்லிச் சமாளிக்கிறாள். வேலை காரணமில்லை. நான்தான் காரணம். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் தாராவியில் இருந்தோம். அம்மாவின் தம்பியான உங்கள் மாமா அப்போது எம்.ஏ. பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தான். பங்கு, வட்டி, பணச் சந்தை, இதுதான் அவன் எடுத்துக்கொண்ட பிரிவு. அவனுடைய அப்பா, அதாவது உங்கள் தாத்தா, தோல் பதனிடும் பட்டறையில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்து, இரண்டு கையும் வெந்துபோய், வீட்டோடு இருந்துவிட்டவர். ஒரு கல்லூரியில் மாமாவுக்கு விரிவுரையாளர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஜூன் மாதத்துக்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் அந்த வீடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

குழாயடியில் அவனைப் பார்த்தால் யாராவது வம்புக்கு இழுப்பார்கள்.

“துட்டப் பத்தி எம்.ஏ. படிக்கியாம்லா? பஸ்ஸுக்குத் துட்டு இல்லாம நடந்து போறியே, அது எந்தப் பாடத்துல வருது?”

“அது மொதப் பாடம்வே” என்று சிரித்துக்கொண்டே போவான்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறாதவன். டைப்ரைட்டிங் மட்டும் ஹையர் பாஸ். கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். ஆகவே மாமாவின் ஆய்வேட்டை நான்தான் அடித்துக் கொடுத்தேன். மாட்டுங்காவில் தெரிந்தவரின் டைப்பிங் இன்ஸ்டிட்யூட் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கிடைத்தது. மேல் தாள் ஒன்று, அடியில் கார்பன் காப்பி மூன்று. சூத்திரங்களில் வரும் கிரேக்க எழுத்துகள் மெஷினில் கிடையாது. அங்கெல்லாம் இடம் விட்டு அடித்துவிட்டு, பிறகு நான்கு காப்பியிலும் பேனாவால் எழுதிச் சேர்க்க வேண்டும்.

கவட்டை மாதிரி ஓர் எழுத்து அடிக்கடி வரும்.

“இது என்ன மாப்ள, குருவி அடிக்கதுக்கா?”

“ஒருத்தன் நட்டத்துக்கு எவ்வளவு பயப்படுதான்னு அளக்குற எழுத்து அத்தான். பயம் கூடுனா இதுவும் கூடும்.”

“அப்ப நமக்கு?”

“நமக்கு அளக்கவே வேண்டாம்.”

ஏட்டை ஒப்படைக்க வேண்டிய வாரத்தில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. மேல் தாளில் மட்டும் அந்த எழுத்துகளை எழுதி முடித்திருந்தான். மற்ற மூன்றையும் என்னிடம் தந்தான். ஆபீஸ் விட்டு வந்து இரண்டாவது காப்பியை முழுதாக எழுதினேன். மூன்றாவதில் முதல் அத்தியாயம் முடிந்ததும் விரல் மரத்துப்போயிற்று. மறுநாள் பைண்டிங்குக்குக் கொடுத்தாக வேண்டும். எங்கள் ஆபீஸில் மேல் தாள் மேனேஜருக்குப் போகும், கார்பன் ஃபைலுக்குப் போகும். ஃபைலுக்குப் போன கார்பனை ஒருவர்கூட எடுத்துப் படித்து நான் பார்த்ததில்லை. பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

“எல்லாத்துலயும் எழுதியாச்சா அத்தான்?” படுக்கையில் கிடந்தபடி கேட்டான்.

“ஆச்சு மாப்ள. நீ படு.”

நானே கொண்டுபோய் ஒப்படைத்தேன். நான்காவது காப்பி எங்களுக்கு என்று என் பெட்டியில் இருந்தது.

மூன்றாவது காப்பி வெளியூர்ப் பேராசிரியர் ஒருவருக்குத் திருத்தப் போயிருக்கிறது. சூத்திரம் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறுமையாக இருக்கிறது, மாணவருக்கே தெளிவில்லை, அடுத்த வருஷம் திரும்பச் சமர்ப்பிக்கட்டும் என்று அவர் எழுதிவிட்டார். மாமா போய்க் கெஞ்சியிருக்கிறான். அந்தக் காப்பியையே அவன் முன்னால் விரித்துக் காட்டினார்களாம்.

அன்று சாயங்காலம் வந்து வாசலிலேயே நின்றான்.

“மூணாவது காப்பியப் பாத்தேன் அத்தான்.”

“கார்பன யாரு மாப்ள படிக்கப் போறாங்கன்னு…”

“படிச்சிட்டாங்கள்லா.”

திரும்பி நடந்தான். நான் பின்னாலேயே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா, “பாஸாலே?” என்று கேட்டார். “பெயிலுப்பா” என்றான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, “அது நமக்கு எட்டாததுலே” என்றார். நான் சுவரோரம் நின்றேன். அவன் பெயிலாகவில்லை, நான்தான் எழுதாமல் விட்டேன் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கல்லூரி வேலை வேறொருவருக்குப் போயிற்று. மாமா செம்பூரில் ஒரு ஃபாக்டரியில் டிஸ்பாட்ச் கிளார்க்காகச் சேர்ந்தான். ஏட்டைத் திரும்பச் சமர்ப்பிக்கவே இல்லை. அடுத்த மழைக்காலத்தில் அவன் அப்பா இறந்தார். மகன் தோற்றுவிட்டான் என்று நம்பிக்கொண்டேதான் போனார்.

காரியம் முடிந்த ஞாயிறு, உங்கள் அம்மா பிறந்த வீட்டிலேயே இருந்தாள். வீட்டில் நான் மட்டும். பெட்டியிலிருந்து நான்காவது காப்பியை எடுத்தேன். டைப் அடிக்க மாமா கையால் எழுதித் தந்திருந்த பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேனாவில் மை நிரப்பி, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். அதை யாரும் படிக்கப் போவதில்லை. கடைசிப் பக்கத்தில் கவட்டை இரண்டு இடத்தில் வந்தது. இரண்டையும் எழுதிவிட்டு, மை காயும்வரை ஏட்டை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.