துண்டு மூலையில் மீன் காட்சி

மலம்புழை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கஞ்சிக்கோட்டுக்குக் கிழக்கே நெல் போடுகிறவர். வெயிலில் கறுத்த முகம், புதுச் சட்டை. தோள் துண்டின் ஒரு மூலையை அவிழ்த்து நாலு டிக்கெட் வாங்கினார். மற்ற மூன்று மூலைகளிலும் முடிச்சு இருந்தது. முன் சீட்டில் அவர் மனைவியும் ஜன்னலுக்காகச் சண்டை போடும் இரண்டு மகள்களும்.

"மீன் காட்சி பாக்கப் போறோமுங்க!" என்றார், மகள்களைவிடச் சத்தமாக. "இந்த முடிச்சு உள்ள போறதுக்கு, இது மத்தியானச் சோத்துக்கு, இது திரும்பி வரதுக்கு. ஒண்ணுல இருக்கறத இன்னொண்ணுக்கு எடுக்க மாட்டனுங்க. வாய்க்கால்ல முறைத்தண்ணி மாதிரி, அதததுக்கு அததது."

நானும் அவர்களோடு இறங்கி மீன் காட்சிக்குப் போனேன். உள்ளே, ஆள் நீள மீன் ஒன்று கண்ணாடியோரமாகவே போய்ப் போய் வந்தது. அவரும் கூடவே நடந்தார், வாய் திறந்தபடி.

வெளியே வந்ததும் சின்னவள், "அப்பா, இன்னொருக்கா!" என்று குதித்தாள். அவர் கை சோற்று முடிச்சுக்குப் போனது.

"ஏனுங்க, அது சோத்துக்கில்லீங்களா?" என்றார் மனைவி.

"சோறு ஊட்டுல இருக்குது புள்ள. இந்த மீனு ஊட்டுல இருக்குதா?"

மனைவி சிரித்துவிட்டார். மறு நிமிஷம் எல்லோருக்கும் முன்னால் ஓடி வரிசையில் நின்றதும் அவர்தான்.

இன்னொரு தடவை பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியே இருக்காது. நானும் பின்னால் போய் நின்றேன். அப்பாக்காரரோ மகள்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே, கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டிருந்தார்.