சின்னவன் விழுந்தால்

இயந்திரத்தின் தகரத்தில் காதை ஒட்டி வைத்துக்கொண்டுதான் ஐவி பேசுவார். ஜெகதளா பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் நான் பார்த்த அன்றும் அப்படித்தான் நின்றார். தூளோடு வரும் காம்புகளைக் கேமராவால் கண்டு, காற்றால் ஊதித் தள்ளும் இயந்திரம் அது. "சின்னவன் நல்லாத்தான் ஊதறான். பொறுங்க" என்றார்.

சின்னவன் என்றால் காற்றுக் குழாய்களைத் திறந்து மூடும் துணைச் செயலிச் சில்லு. பெரியவன், லினக்ஸ் இயங்குதளம் ஓடும் முதன்மைச் சில்லு. இந்த இயந்திரங்களைச் செய்யும் கோவை நிறுவனம் ஒன்றுக்காக, குன்னூர் வீட்டில் உட்கார்ந்து, இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலுக்கு நிரல் எழுதுகிறார் ஐவி. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். லேப்டாப் பையில் எப்போதும் வர்க்கி ரொட்டிப் பொட்டலம். விசைப்பலகையெல்லாம் அதன் பொடி. படி ஏறினால் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வார்.

முன்பெல்லாம் சின்னவன் செயலிழந்து விழுந்தால் இயந்திரம் நின்றுவிடும். தொலைவில் இருக்கும் தேவாலாத் தொழிற்சாலையிலிருந்துகூட அழைப்பு வரும். மழையில் பஸ் மாறிப் போய், இயந்திரத்தை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டுவிட்டுத் திரும்புவார். அலுத்துப்போய்த்தான் ஒரு நிரலை எழுதினார். மின்சாரம் வந்ததும் கெர்னலே சின்னவனைக் கிளப்பும்; விழுந்தால் தானே கண்டுபிடித்து மறுபடி எழுப்பும். திரையில் ஒன்றும் காட்டாது. "எந்திரிச்சுட்டான்னா அப்புறம் எதுக்குங்க ஊரைக் கூட்டறது?"

இலை விலை சரிந்து, தொழிற்சாலை வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. அந்த நேரம் பார்த்து, ஏலத்துக்குப் போன தூள் காம்பு அதிகமென்று திரும்பி வந்தது. முதலாளி மனோகரன், கேமராக் கண்ணாடியைத் துடைக்கவில்லை என்று இசக்கியம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர். துடைத்ததாக அவர் சொன்னது எடுபடவில்லை. மிசின் அவ்வப்போது மூச்சை அடக்கிக்கொள்கிறது என்றும் சொல்லிப் பார்த்திருக்கிறார். அந்தப் பேச்சு காதுக்கு எட்டித்தான் ஐவி வந்திருந்தார்.

ஊதும் சத்தம் நின்றது. காம்பும் தூளும் ஒன்றாகச் சரிந்தன. சற்றைக்கெல்லாம் சத்தம் திரும்ப வந்தது.

தானாக எழுப்புவதை அணைத்து வைக்கவேண்டும், விழுந்தவன் விழுந்தபடி கிடந்தால்தான் காரணம் தெரியும் என்றார் ஐவி. ஓடுகிற நாளே குறைவு, அதுதான் தானே எழுந்துகொள்கிறதே என்று மனோகரன் தயங்கினார்.

"எந்திரிக்கிற வரைக்கும் ஊதறதில்லீங்க. காம்பு அப்பத்தான் போகுது."

மனோகரன் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். சின்னவன் விழுந்தான், இம்முறை யாரும் எழுப்பவில்லை. அவன் நினைவகத்தில் கிடந்ததை, தூள் மூட்டைமேல் உட்கார்ந்து ஐவி வெகுநேரம் படித்தார். விலை விழுந்ததிலிருந்து கொழுந்தோடு முற்றல் இலையும் பறித்துப் போடுகிறார்கள். காம்பு கூடியது, ஊதலும் கூடியது. ஒவ்வோர் ஊதலையும் பெரியவனுக்குச் சொல்ல நினைவகத்தில் ஒதுக்கிய இடம் நிரம்பி வழிந்து சின்னவனைச் சாய்த்தது. நல்ல இலை வந்த காலத்தில் ஐவியே அளந்து வைத்த இடம்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தார். "தப்பு என்னுதுங்க. விழறதைக் காட்டாம மறைச்சதும் நான்தான். அந்தம்மா மேல ஒண்ணுமில்லீங்க."

மனோகரன் இசக்கியம்மாவுக்கு ஃபோன் போட்டார்.

மறுநாள் இசக்கியம்மா வேலைக்கு வந்தபோது, ஐவி அந்த இடத்தைப் பெரிதாக்கி முடித்திருந்தார். இனி விழுந்தால் திரையில் சிவப்பாகத் தெரியும் என்று காட்டினார். இசக்கியம்மா திரையைப் பார்க்கவில்லை.

"நான் சொன்னப்பவே யாராச்சும் கேட்டிருக்கலாமுங்க."

ஐவி மூட்டைக்குக் குறி போடும் மைப் பேனாவை எடுத்து, இயந்திரத்தின் முகப்பில், இசக்கியம்மாவின் கண்ணுக்கு நேராகத் தன் கைபேசி எண்ணைப் பெரிதாக எழுதினார்.